குழாய்க்கும் வயசாகும்!

மிக்ஸியின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். குழந்தை ஒரு வேளை பால் குடிக்காவிட்டால் டாக்டரிடம் ஓடுகிறோம். ஆனால் சுவருக்குள்ளே நாற்பது வருஷமாகப் படுத்துக் கிடக்கிற தண்ணீர்க் குழாயைப் பற்றி மட்டும் நாம் நினைப்பதே இல்லை. தண்ணீர் வருகிற வரைக்கும் அப்படி ஒன்று இருப்பதே மறந்து போகிறது. அது நின்றாலோ, நிறம் மாறினாலோதான் கூப்பாடு!

பழைய வீடுகளில் குடியிருக்கும் சகோதரிகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இதுதான்: "காலையில் குழாயைத் திறந்தால் முதல் ரெண்டு சொம்புத் தண்ணி செம்மண் கரைச்ச மாதிரி வருது. அப்புறம் தெளிஞ்சுடுது. வீட்டுக்காரர் 'அதான் தெளிஞ்சுடுதே, எதுக்கு வீண் செலவு?'ன்னு சொல்றார். கைக்குழந்தை இருக்கிற வீடு. என்ன செய்யறது?"

நியாயமான கேள்வி. செலவும் சின்னதல்ல. ஆகவே பயமுறுத்தாமல், சமாதானமும் சொல்லாமல், விஷயத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உள்ளே நடப்பது என்ன?

முப்பது, நாற்பது வருஷங்களுக்கு முன் கட்டிய நம் வீடுகளில் பெரும்பாலும் ஜி.ஐ. பைப்தான் இருக்கும். இரும்புக் குழாய்க்கு உள்ளும் புறமும் துத்தநாகப் பூச்சு பூசியது. அந்தப் பூச்சு இருக்கிற வரை இரும்புக்குக் கவசம். தண்ணீர் ஓட ஓட, பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். பிறகு இரும்பு வெளியே வரும், துரு பிடிக்கும். இரவெல்லாம் குழாயில் தங்கிய தண்ணீரில் அந்தத் துரு கலந்து நிற்கும். காலையில் முதல் சொம்பு சிவப்பாக வருவதற்குக் காரணம் இதுதான்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதல்லவா? அதே படிவு குழாய்க்குள்ளும் படியும். துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து வழியை அடைத்துக் கொண்டே வரும். அரை அங்குலக் குழாயின் உள்வாய் சுமார் 15 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் படிந்தால் மிஞ்சுவது 9 மில்லிமீட்டர்தான். 'கொஞ்சம்தானே குறைந்தது?' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தண்ணீர் போகிற வழி நூற்றுக்கு 36 பங்காகச் சுருங்கிவிட்டது! உள்பக்கம் சொரசொரப்பாகவும் இருப்பதால் வருகிற தண்ணீர் அதைவிடக் குறையும். மாடி பாத்ரூமில் ஷவர் அழுவது மாதிரி சொட்டுவது இதனால்தான்.

நாமே செய்யக்கூடிய நாலு சோதனை

பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் இவற்றைச் செய்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கையில் விவரம் இருந்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

ஒன்று: காலையில் எல்லோரும் எழுந்திருக்கும் முன், ஒவ்வொரு குழாயிலிருந்தும் முதல் தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் பிடியுங்கள். எல்லாக் குழாயிலும் சிவப்பு வந்தால் தொட்டியிலோ முக்கிய லைனிலோ துரு. ஒரு குழாயில் மட்டும் வந்தால் அந்தக் கிளையில் மட்டும்தான் கோளாறு.

இரண்டு: பத்து லிட்டர் பக்கெட்டை வைத்து, எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். ஒரு குழாய் மட்டும் மந்தமென்றால் முதலில் அதன் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுவாகவே இருக்கும்!

மூன்று: இரவு படுக்குமுன் மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

நான்கு: கசிவு குழாயில்தானா, பாத்ரூம் ஃபிளஷ் டாங்க்கிலா என்று தெரிய, அந்த டாங்க்கில் கொஞ்சம் மஞ்சள் பொடியைக் கரைத்து விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யக் கூடாது. பீங்கானுக்குள் மஞ்சள் நிறம் இறங்கினால் கசிவு அங்கேதான். சுவரை உடைக்க வேண்டியதே இல்லை.

சொட்டுத்தானே என்று அலட்சியம் வேண்டாம். 200 மில்லி டம்ளர் பத்து நிமிஷத்தில் நிரம்புகிற கசிவென்றால் ஒரு நாளைக்குச் சுமார் 29 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு குடம். கோடையில் இரண்டு குடத்துக்கு நாம் படுகிற பாடு நமக்குத்தான் தெரியும்.

எது தொல்லை, எது ஆபத்து?

இதில்தான் நாம் தெளிவாக இருக்க வேண்டும். துரு பார்க்க அசிங்கம். வெள்ளைத் துணியெல்லாம் கறை. காப்பியின் ருசி கெடும். ஆனால் குழாயிலிருந்து வருகிற கொஞ்சம் இரும்பு விஷம் அல்ல. பயந்து நடுங்க வேண்டியது மற்ற இரண்டுக்கு.

முதலாவது ஈயம். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இரும்புக் குழாய்தான் என்றாலும், ஈயம் நுழைய வேறு வழிகள் உண்டு. பழைய பித்தளைக் குழாய்களில் ஈயம் கலந்திருக்கும். மரை இணைப்புகளில் சணலைச் சுற்றி ஈயப் பசை பூசி இறுக்குவது அந்தக் கால வழக்கம். பி.வி.சி. குழாய் தயாரிப்பிலும் ஈயம் சேர்த்து வந்தார்கள். அதைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல் தனி விதிகளே கொண்டு வந்தது. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஏன் இவ்வளவு கறார்? வளரும் குழந்தையின் மூளையை அது பாதிக்கும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இரத்தத்தில் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளிண்ட் என்று ஒரு நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காகக் குடிநீரை ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாயை அரிக்காமல் காக்கும் மருந்தை அதில் சேர்க்கவில்லை. அந்தத் தண்ணீர் பழைய ஈயக் குழாய்களை அரித்து, ஈயத்தைச் சமையலறைக்கே கொண்டு வந்தது. தாய்மார்கள் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொண்டு போய்க் கூட்டங்களில் காட்டினார்கள். 'ஒன்றுமில்லை, குடிக்கலாம்' என்றே பதில் வந்தது. 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் கணக்கோடு காட்டிய பிறகுதான் அரசு அசைந்தது. முதலில் கண்டுபிடித்தது யார்? தினமும் தண்ணீர் பிடிக்கிற பெண்கள்தான்!

இரண்டாவது ஆபத்து நமக்கு இன்னும் நெருங்கியது. சாக்கடை கலப்பது. நம் ஊர்களில் இருபத்து நாலு மணி நேரமும் தெருக்குழாயில் தண்ணீர் ஓடுவதில்லை. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். பூமிக்கடியில் குழாயில் சின்ன ஓட்டை இருந்தால், சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே இறங்கும். அதிலே சிலர் தெரு லைனில் நேராக மோட்டாரை வேறு மாட்டி உறிஞ்சுகிறார்கள். தண்ணீரோடு சாக்கடையையும் சேர்த்து இழுப்பதற்குச் சமம் இது. சட்டப்படியும் தப்பு.

காலரா, டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை எல்லாம் இப்படி வருவதுதான். டெல்லியில் 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது 'ஹெபடைடிஸ் ஈ' என்ற வகை என்று பிற்பாடு தெரிந்தது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே குணமாகிவிடும் இந்த நோய், கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதத்தில், உயிருக்கே ஆபத்தாகும். வீட்டில் மகளோ மருமகளோ முழுகாமல் இருந்தால் தண்ணீர் விஷயத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

ஒன்றை மனதில் பதித்துக் கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயம் போகாது. கொதித்து வற்ற வற்ற, மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

"தண்ணி ஒரு மாதிரி நாறுதே!"

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். சென்னையில் பழைய வீடு. தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருக்கிறாள், ஏழாம் மாசம். ஒரு நாள் காலையில் கை பம்பை அடித்த அம்மாவுக்கு முதல் நாலைந்து அடியில் ஏதோ வாடை.

"என்னங்க, தண்ணி ஒரு மாதிரி நாறுதே!"

"உனக்கு எப்பவும் மூக்கு அதிகம். நாலு அடி அடிச்சா சரியாயிடும்."

நாலு அடி அடித்ததும் வாடை போனது வாஸ்தவம்தான். ஆனால் அந்த அம்மா விடவில்லை. அன்றைக்கே மகளுக்குக் குடிக்க, பல் தேய்க்க, பழம் கழுவக்கூடக் கொதித்து ஆறிய தண்ணீர்தான் என்று ஏற்பாடு செய்துவிட்டார். குடிப்பதற்கான தண்ணீரையும் வேறிடத்திலிருந்து கொண்டு வரச் சொன்னார். மறுநாள் ஆள் வைத்து வாசல் பக்கம் தோண்டியதில், இரும்புக் குழாய் சாக்கடைத் தொட்டியை ஒட்டியே போவது தெரிந்தது. கையால் தொட்டதும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"அம்மா, இந்த நாலடியை மட்டும் மாத்தி ஒட்டுப் போட்டுடறேன்" என்றார் பிளம்பர்.

"வேண்டாம்ப்பா. இது உதிர்ந்தா மிச்சமும் உதிரும். இந்தப் பக்கமே வேண்டாம். சாக்கடையை விட்டுத் தள்ளி, அந்தச் சுவர் ஓரமாப் புதுசாப் போட்டுடு."

அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குடிநீர்க் குழாய் எப்போதும் சாக்கடைக் குழாயை விட்டுத் தள்ளியும், அதைவிட உயரத்திலும் போக வேண்டும். வீட்டு எல்லைக்கு வெளியே தெருவைத் தோண்டுவது மட்டும் நம் வேலை அல்ல. அதற்குக் குடிநீர் வாரியத்திலோ நகராட்சியிலோ எழுதிக் கொடுக்க வேண்டும்.

எந்தக் குழாய் வாங்கலாம்?

சாதாரணத் தண்ணீருக்கு யு.பி.வி.சி. போதும், மேலே ஐ.எஸ். 4985 என்று அச்சிட்டிருக்கும். வெந்நீர் போகிற லைனுக்கு அது உதவாது. அதற்கு சி.பி.வி.சி. வேண்டும், அதில் ஐ.எஸ். 15778. இரண்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று சாக்கடைக்கும் ஒயரிங்குக்கும் போடுகிற பி.வி.சி.யைக் குடிநீருக்குப் போட விடாதீர்கள். பிளாஸ்டிக் குழாய் துரு பிடிக்காது. ஆனால் வெயில் ஆகாது. மொட்டை மாடியில் போகிற குழாய்க்குப் பெயிண்ட் அடித்தோ மூடியோ வைக்க வேண்டும். கெய்சரோடு சேர்க்கிற இடத்தில் பிளாஸ்டிக்கை நேராக மாட்டாமல், நடுவே உலோக இணைப்பு வைக்கச் சொல்லுங்கள். மரை இணைப்புக்கு ஈயப் பசை வேண்டாம், டெஃப்லான் டேப் போதும்.

மறக்கவே கூடாத ஒன்று: எர்த்!

இதைப் பல பிளம்பர்களே யோசிப்பதில்லை. பழைய வீடுகளில் மின்சார எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றி விட்டிருப்பார்கள். இரும்பு பூமிக்குள் போவதால் அது எர்த்தாக வேலை செய்தது. இப்போது அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டால் என்ன ஆகும்? லைட் எரியும், மிக்ஸி ஓடும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் வீட்டுக்கு எர்த்தே இருக்காது! கெய்சரில் கசிவு ஏற்பட்டால் ஈரக் கையோடு நிற்கிறவர் கதி என்ன? குழாயைக் கழற்றுகிற ஆளுக்கே ஷாக் அடிக்கவும் கூடும்.

ஆகவே, பிளம்பருக்கு முன்னால் எலெக்ட்ரீஷியன் வர வேண்டும். எர்த் எங்கே போகிறது என்று பார்த்து, தனி எர்த் குழி போட்டுக் கொடுத்த பிறகே குழாயில் கை வைக்க வேண்டும். வேலை நடக்கும் நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்து வையுங்கள். ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்பு சுவிட்ச் இல்லையென்றால் அதையும் இப்போதே மாட்டிவிடுங்கள்.

வேலை நாட்களை எப்படிச் சமாளிப்பது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகளின் பரீட்சை மாதத்திலும் வேண்டாம். பொங்கல் முடிந்த பிறகு, தை, மாசி நல்ல சமயம்.

முதலில் ஒரு காகிதத்தில் வீட்டுப் படம் வரைந்து, எந்தக் குழாய் எங்கே என்று குறியுங்கள். எத்தனை அடி குழாய், எத்தனை வளைவு, எத்தனை வால்வு என்று சாமானுக்குத் தனியாகவும் கூலிக்குத் தனியாகவும் எழுதி வாங்குங்கள். சுவரை உடைப்பது, பூசுவது, டைல்ஸ் ஒட்டுவது யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சண்டை வருவதெல்லாம் இந்த மூன்றிலேதான்!

சுவருக்குள் இருக்கும் பழைய குழாயைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தண்ணீரைத் துண்டித்து, முனையை மூடி அப்படியே விட்டுவிட்டுப் புதுக் குழாயை வெளிச்சுவர் வழியாகக் கொண்டு போகலாம். அழகு கொஞ்சம் குறையும். செலவும் தூசியும் வெகுவாகக் குறையும். பின்னால் கசிந்தால் கண்ணுக்கும் தெரியும்.

ஒவ்வொரு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் தனித்தனி வால்வு வையுங்கள். ஒரு குழாய் கெட்டால் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றப் பணம் இல்லையா? வரிசை இதுதான்: முதலில் தெருவிலிருந்து தொட்டி வரை பூமிக்கடியில் வருகிற குழாய், அடுத்தது சமையலறை, பிறகு பாத்ரூம், தோட்டமும் வாசலும் கடைசி.

சுவரைப் பூசுவதற்கு முன், குழாயில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்து ஓர் இரவு முழுக்க வைக்கச் சொல்லுங்கள். "ஒண்ணும் ஆகாதும்மா, நான் கேரண்டி" என்பார்கள். சிரித்துக் கொண்டே, "சரிப்பா, கேரண்டி இருக்கட்டும், ராத்திரி தண்ணியும் இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். மூடும் முன் செல்ஃபோனில் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் அளவு டேப்பை வைத்து, போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும்.

முடிந்த பிறகு

பிளாஸ்டிக் குழாய் ஒட்டும் பசை காய்வதற்கு டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை பொறுங்கள். பிறகு எல்லாக் குழாயையும் திறந்து, வாடை போகும் வரை தண்ணீர் ஓட விடுங்கள். பக்கெட்டில் பிடித்தால் தரை துடைக்க ஆகும்.

அப்புறம் தொட்டி. ஆயிரம் லிட்டர் தொட்டிக்குச் சுமார் 150 கிராம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளிந்ததும் மேல் நீரை மட்டும் நிரம்பிய தொட்டியில் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் மருந்து வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். நாலு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, வாடை நீங்கும் வரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு துளிகூட இதோடு சேரக் கூடாது, விஷவாயு கிளம்பும்.

கழற்றிய இரும்பை வாசலில் போட்டு வைக்காமல் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள். போட்ட செலவில் ஒரு சின்னத் துண்டாவது திரும்பி வரட்டும்.

வாடகை வீட்டுச் சகோதரிகளுக்கு

"எங்க வீடா என்ன, மாத்தறதுக்கு?" என்று கேட்பது காதில் விழுகிறது. வீட்டுக்காரரிடம் வெறும் வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். மேலே சொன்ன சோதனைகளை எழுதி, போட்டோவோடு கொடுங்கள். தண்ணீரைப் பரிசோதித்த முடிவையும் சேர்த்தால் மறுக்க முடியாது. மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களிலும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். தண்ணீரை எப்படிப் பிடித்துக் கொண்டு வர வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக் கொண்டு, காலை முதல் தண்ணீரைத் தனியாகவும் ஓடவிட்ட தண்ணீரைத் தனியாகவும் கொடுங்கள்.

குழாய் மாறுகிற வரைக்கும் இவற்றைக் கடைப்பிடியுங்கள். காலையில் வருகிற முதல் பக்கெட் செடிக்கும் பாத்ரூமுக்கும்தான். சமைக்கவும் பால் பவுடர் கரைக்கவும் கெய்சர் தண்ணீரை ஒருநாளும் பிடிக்காதீர்கள்; சூடான தண்ணீர் உலோகத்தை அதிகம் கரைக்கும். சாதாரணத் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் காய்ச்சுங்கள். சாக்கடை வாடை வந்தால் துணியில் வடிகட்டிப் பயன் இல்லை. அந்தத் தண்ணீரை உடனே நிறுத்திப் புகார் எழுதிக் கொடுங்கள். அக்கம் பக்கத்து வீடுகளுக்கும் சொல்லி எச்சரியுங்கள்.

நகை வாங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள். குழாய் மாற்றினால் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் நம் குழந்தை அதைத்தான் தினமும் குடிக்கிறது. நாளைக் காலையில் ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்துக் கொண்டு குழாயடிக்குப் போங்கள், சகோதரிகளே. மிச்சத்தை அந்தக் கோப்பையே சொல்லும்.